வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி

அறுபதுகளின் கடைசியில் என் கொழுந்தனார் நல்லூரிலிருந்து ஒட்டுரக மக்காச்சோள விதை வாங்கிவந்து, என் கொல்லைக்குப் பக்கத்திலேயே விதைத்தார். நான் வழக்கம்போல எங்கள் நாட்டு வெள்ளையைத்தான் போட்டேன். அறுவடையில் தோகையை உரித்தால், என் வெள்ளைக் கதிர்களில் அங்கங்கே மஞ்சள் மணிகள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தம்பி, ஒங்க கொல்லப் பூந்தூளு எங் கதிருல ஏறிடுச்சு."

"காத்துக்கு நான் வேலி போட முடியுமா அண்ணி?"

மஞ்சள் கலக்காத கதிர்களை மட்டும் பொறுக்கி உதிர்த்தேன். விருத்தாசலம் பீங்கான் சூளையில் வாய் கோணிப்போனதென்று கழித்த ஜாடி ஒன்றில், சாம்பல் கலந்து விதைக்கு வைத்தேன்.

மறுவருஷம் அவர் பயிர் முழங்கால் உயரம் வரும்வரை நான் விதைக்கவில்லை. இரண்டும் ஒன்றாகப் பூத்தால்தானே கலக்கும்? மழையை வீணடிக்கிறேன் என்று ஊரே சிரித்தது. பின்மழை ஏமாற்றிவிட்டதால் கதிர் சிறுத்துத்தான் போனது. ஆனால் அத்தனையும் வெள்ளை. அதில் காய்ச்சிய கூழை அவர் பிள்ளைகளுக்கும் ஊற்றினேன்.

அடுத்த வருஷம் முதல் மழை பெய்தும் அவர் ஏர் கட்டவில்லை.

"என்ன தம்பி, ஈரம் காஞ்சிடாதா?" என்றேன்.

"மொதல்ல நீங்க வெதைங்க அண்ணி. நான் பொறவு போட்டுக்கறேன். எங்க வூட்டுப் புள்ளைங்க ஒங்க கூழத்தான் கேக்குதுங்க."