டென்னிஸ் தெரியாமல் டென்னிஸ் ஆடுகிறவர்கள்

டென்னிஸில் ஜெயித்தாலும் தோற்றாலும் வலையருகே போய்க் கை குலுக்க வேண்டும். கோச் வேலையில் கை குலுக்கக்கூட ஆள் வருவதில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்பில் மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்கு இது புரியும். தோள்பட்டை மக்கர் செய்ததும் தருமபுரிக்கே திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்துச் செம்மண் கோர்ட்டில் கோச்சாகச் சேர்ந்தேன். வெளியாட்களையும் சேர்க்கலாம். தாளாளர் முதல் நாளே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள எட்டுப் பேர் சேரலன்னா, அந்த கோர்ட்டுல ஸ்கூல் வேன் நிறுத்திக்கிறேங்க மேடம்."

ரேங்க்

பொம்மிடியிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நீங்க பெரிய பிளேயருங்களா?" என்று கேட்டார். உலகத் தரவரிசையில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது இடம் வரை போனவள் நான். அதற்காக எத்தனை ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருப்பேன்! பெருமையாகவே, "அறுநூத்துப் பன்னெண்டாவது ரேங்க்குங்க" என்றேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "இவ கிளாஸ்ல முப்பத்தாறாவது ரேங்க் வாங்குனதுக்கே ரெண்டு நாள் நான் பேசலைங்க. நீங்க அறுநூறுன்னு சிரிச்சிகிட்டே சொல்றீங்க."

சிறப்பு விருந்தினர்

அடுத்து வந்தவர் மாதேஷ், தொப்பூர்க்காரர், லாரி ஓட்டுகிறார். "எங்கூர்ல டென்னிஸ் டோர்னமெண்ட்டுங்க, நீங்கதான் தொறந்து வெக்கணும்" என்றார். உடனே தலையாட்டிவிட்டேன். நம் மாவட்டத்தில், அதுவும் தொப்பூரில், டென்னிஸ்!

டென்னிஸ் மட்டையும் கையுமாகப் போய் இறங்கினால், மூன்று ஸ்டம்பு நட்டு வைத்திருக்கிறார்கள். டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டுக்கு அங்கே சுருக்கப் பெயர் 'டென்னிஸ்'.

முதல் பந்தை நானே போட வேண்டுமாம். வந்த கடுப்பில் தோள் வலியையும் மறந்து, மட்டையால் ஒரு சர்வீஸ் அடித்தேன். எதிரே நின்ற மாதேஷ் பேட்டைத் தூக்குவதற்குள் நடு ஸ்டம்பு படுத்துவிட்டது. அவர் ஸ்டம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பவுலிங் போடறதுக்கு எதுக்குங்க மேடம் மட்டை? இது எந்தூரு ரூல்ஸு?"

மாசக் கடைசி

சேர்ந்தவர்கள் சைபர். காலையிலேயே இரண்டு வேன் கோர்ட்டு ஓரம் வந்து நின்றது. அழுகை வந்தது, மறைக்க வலையை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் மாதேஷ் தன் டீம் மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் சர்வீஸை அடித்துப் பழகிவிட்டால் பென்னாகரம் டீமின் வேகப்பந்து ஒன்றுமே இல்லையாம். எல்லாரும் வரிசையாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மாதேஷின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், விடவே மனசில்லை.

தாளாளர் இரண்டு தடவை தலை எண்ணினார். "பதினோரு பேரு இருக்காங்க, வேனை எடுத்துடறேன். அந்த ஸ்டம்ப மட்டும் வெளிய வெச்சிட்டு வரச் சொல்லுங்க மேடம்."

இப்போது தருமபுரியில் பதினோரு பேர் என்னிடம் டென்னிஸ் கற்றுக்கொள்கிறார்கள், அது டென்னிஸ் என்று மட்டும் நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.