மீசை வைத்த ஆத்தா

எங்கள் குலசாமி ஐயனாருக்கு முறுக்கு மீசை உண்டு. எட்டு வயதில் அதை நான் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

திருத்தங்கலில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்தை ஆடிப் பதினெட்டில் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று வருகிற ஆர்டரை வைத்தே சீசன் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் ஐயனார் படத்துக்குச் சூடம் காட்டி, வீட்டுக்கு மூத்தவர் வாய்விட்டு வேண்டிக்கொண்ட பிறகுதான் முதல் தாள் ஓடும். "அப்பனே, ஐயனே!" என்று அப்பா கணீரென்று தொடங்கினால், தெருவில் போகிறவர்கள்கூட நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அந்த வருஷம் பார்த்து, மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர் ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். அப்பா சூடத்தட்டை மிஷின் ஓட்டுகிறவரிடம் நீட்டினார். அவர் பின்வாங்கினார்.

"நான் சொல்லக்கூடாது மொதலாளி. வீட்டுக்கு மூத்தவுகதான் சொல்லணும். அங்கன அக்கா நிக்காகள்ல?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அப்பாவின் அக்கா, என் அத்தை, பைண்டிங் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தார். மாமா இறந்ததிலிருந்து எந்தப் பூஜையிலும் அவருக்கு அந்த இடம்தான். அப்பாவைவிட அவர் ஒன்பது வயது பெரியவர் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. "நான் எதுக்குத் தம்பி?" என்று தயங்கியவரின் கையில் அப்பா தட்டைக் கொடுத்துவிட்டார்.

அத்தை ஐயனாரைப் பார்த்தார். "ஆத்தா, எங்களப் பெத்தவளே! மிஷின்ல கைய விட்டு வேலை பாக்குற பிள்ளைகளப் பத்திரமாப் பாத்துக்க..."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அத்தை, அது ஐயனாரு! ஆம்பளச் சாமி! மீசை இருக்கு பாருங்க!"

ஏஜெண்டுகள் சிரித்துவிட்டார்கள். அத்தையின் வேண்டுதல் பாதியில் நின்றது. "எனக்கு இதெல்லாம் எங்க தம்பி தெரியும்?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தட்டை வைக்க இடம் தேடினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா வந்து தட்டை அத்தையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த மீசைக்காரரை நிமிர்ந்து பார்த்து, இருந்த கொஞ்சக் காற்றையும் திரட்டி, "ஆத்தா..." என்றார். பிறகு அத்தையிடம் திரும்பி, "சொல்லுக்கா" என்றார்.

அத்தை சொன்னார். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். தம்பியின் தொண்டை, ஏஜெண்டுகள் ஊர் திரும்பும் பஸ், பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள், எதையும் விடவில்லை. "இந்த வாயாடிக்கும் நல்ல புத்தியக் குடு, ஆத்தா" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். சூடம் இரண்டாவது தரம் வைக்க வேண்டியிருந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதல் தாள் ஓடியது.

அடுத்த வருஷம் அப்பாவின் குரல் முந்தின நாள்வரை நன்றாகத்தான் இருந்தது. பூஜை நேரத்தில் மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டே தட்டை அத்தையிடம் நீட்டினார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

அது எப்படிச் சொல்லிவைத்தாற்போல ஆடிப் பதினெட்டன்று அப்பாவுக்குத் தொண்டை கட்டுகிறது என்று எனக்கு ஒரே கவலை. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாளே பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். அவரும் மறுபேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொள்வார்.