நான்காம் துளையில் நின்ற மூச்சு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு, முதன்முதலாக மவுத் ஆர்கனை வாயில் வைத்தேன். வயது நாற்பத்தெட்டு. அன்றைய தினக்குறிப்பில் "முதல் நாள்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எழுதி வருகிறேன். மழை பெய்த நாள், ரயில் தாமதமான நிமிடம், முடித்த புத்தகம், காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் அதில் இருக்கும்.

இந்த வயதில் இசை ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் சாதாரணமானது. வேலை ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில். வார்த்து வெளியே வரும் இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டரில் தேய்த்து எடுக்கிறோம். பதினாறு வருடமாக அதே இடம். ஐந்து மணிக்கு வெளியே வரும்போது கண் எரியும். புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து நீரில் மிதக்கும். கவரைப்பேட்டைக்குப் போகும் வண்டி வர அரை மணி நேரமாவது ஆகும். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது எது என்று யோசித்து, போனில் ஆர்டர் போட்டு வாங்கினேன். பத்துத் துளை, கைக்குள் அடங்கும் அளவு.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் இறங்கிய தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பட்டறைப் பக்கம் எல்லோரும் நம்புவது. உடனே தண்ணீர் குடித்தால் பலன் போய்விடும் என்றும் சொல்வார்கள். அதனால் அதை மென்றுகொண்டே ஸ்டேஷனுக்கு நடப்பேன். வாய்கூடக் கொப்பளிப்பதில்லை.

என்னோடு நடந்து வருபவன் பக்கத்து கிரைண்டரில் நிற்கும் நண்பன். எளாவூர்க்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். அவன் வண்டி வடக்கே, என் வண்டி தெற்கே. முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா நைனா, வண்டி வரலன்னு நீயே விசில் ஊதி கூப்புடுறியா?"

"கத்துக்கினு இருக்கேன்யா."

"கத்துக்கோ, கத்துக்கோ. ரிட்டயர் ஆனப்புறம் ரயில்லயே ஊதிக்கினு போலாம். நான் முன்னாடி துண்ட ஏந்திக்கினு வரேன். டப்பு ஆளுக்குப் பாதி."

ஒரே துளையில் ஊதினால் ஒரு ஒலி, மூச்சை உள்ளே இழுத்தால் வேறொரு ஒலி. பாட்டு எதுவும் எனக்கு வரவில்லை. அதனால் ஒவ்வொரு ஒலியையும் எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது என்று போனில் நேரம் பார்த்து, நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். முதல் வாரம் நான்காம் துளையில், இழுக்கும்போது பதினான்கு வினாடி. அந்த எண்ணைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் வாரம் எண்கள் இறங்கின. பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. பதினோராம் நாள், வியாழக்கிழமை, நான்காம் துளையில் மூச்சை இழுத்தேன். காற்று மட்டும் உள்ளே போனது. ஒலி இல்லை. மறுபடி இழுத்தேன். நெஞ்சு வலிக்கும்வரை இழுத்தேன். இல்லை. அதே துளையில் ஊதினேன், நன்றாகவே ஒலித்தது.

அப்போதுதான் பயம் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் செக்‌ஷனில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கிரைண்டர் பிடிக்க எனக்குப் பழக்கியவர்களில் ஒருவர். சாதாரண இருமல் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் வேலை பார்த்தார். பிறகு நின்றுவிட்டார். கடைசியாக அவரை அவர் வீட்டில் பார்த்தபோது படுக்க முடியாமல், மடியில் தலையணையை அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் அவரால் பேச முடிந்தது. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. நுரையீரலில் மணல் படிந்துவிட்டது என்றார் அவர் மனைவி. இரண்டு மாதத்தில் போய்விட்டார். அவரும் நானும் ஒரே தூசியைத்தான் சுவாசித்தோம். முகமூடி கொடுத்திருந்தார்கள்; அதைப் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டவன் நானேதான்.

கருவி பழுதாகியிருக்குமோ என்று யோசிக்காமல் இல்லை. ஊதினால் ஒலிக்கிறது, இழுத்தால் ஒலிக்கவில்லை. பழுது என்றால் இரண்டும் போக வேண்டாமா? இழுக்கும் மூச்சுக்குத்தான் தெம்பு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். நண்பனிடம் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவன் வாயில் அது ஒலித்துவிட்டால் என்ன செய்வது? கொடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள் இரண்டாம் துளை போனது. பதினெட்டாம் நாள் மூன்றும் ஐந்தும். வீட்டில் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. குளிக்கும்போது மூச்சடக்கி எண்ணினேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மூச்சையும் என் மூச்சையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அது நோயின் அறிகுறியோ என்று அதையும் எழுதி வைத்தேன்.

இருபதாம் நாள், சனிக்கிழமை, கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வரும் வியாழக்கிழமை மருத்துவ வேன் வருகிறது. கிரைண்டிங் செக்‌ஷனில் எல்லோரும் மூச்சுப் பரிசோதனைக்கு ஊத வேண்டும். நண்பன் அதை உரக்கப் படித்தான்.

"பாஸ் பண்லன்னா இன்னா பண்ணுவானுங்க?"

"தெரியல."

"ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க நைனா. உனக்கு இன்னா கவலை? டெய்லி ஊதி ஊதி ரெடியாத்தான இருக்குற!"

அன்று மாலை பெஞ்சில் ஆர்கனை வெளியே எடுக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் மனைவி அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, இங்க வா. இன்னா இது, அலமாரி பூரா எறும்பு?"

ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு வரிசை புறப்பட்டு, என் புத்தகங்களின் மேலேறி, மவுத் ஆர்கனின் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்தாள்.

"வெல்லம் தின்ன வாயோட ஊதுறியா நீ?"

தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் கழற்றினாள். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஊதுவதற்கு ஒரு வரிசை, இழுப்பதற்கு வேறொரு வரிசை. ஒரே துளைக்கு இரண்டு நாக்குகள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இழுக்கும் வரிசையில் பழுப்பாகப் பாகு இறுகிப்போயிருந்தது. நான்காம் நாக்கு அசையவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பஞ்சால் துடைத்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்துத் திரும்ப மாட்டினாள். "இழு பாக்கலாம்" என்றாள்.

இழுத்தேன். நான்கு ஒலித்தது. இரண்டும் மூன்றும் ஐந்தும் ஒலித்தன.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் இறுகியது.

"பத்து நாளா இத எழுதிக்கினு இருந்தியா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

"இப்பதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே."

"இதுக்கு ஒண்ணுமில்ல." ஆர்கனை மேசையில் வைத்தாள். "உனக்கு?"

"எனக்கு என்ன?"

"நம்ம மாடிப் படியில பாதில நிக்கிறியே, அது எதுக்கு? செருப்பு வார சரி பண்றா மாதிரி குனிவ. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். கேட்டா கோச்சிக்குவன்னு கேக்கல."

நாங்கள் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பதினெட்டுப் படி. நான் நடுவில் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் வாருக்காகக் குனிவது ஞாபகம் வந்தது. அந்தச் செருப்பில் இழுத்து மாட்டும் வாரே கிடையாது.

கருவியின் மேல் வைத்த பயம் அதிலிருந்து இறங்கி என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. இது வேறு பயம். முன்னதற்கு எண்களாவது இருந்தன.

வியாழக்கிழமை வேனுக்குள் ஏறினேன். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைக்கச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று அந்தப் பெண் ஏலம் போடுவது மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை ஊதினேன். திரையில் ஒரு கோடு ஏறி, சீக்கிரமாகவே வளைந்தது. அவள் தாளைக் கிழித்து, தனியாக இருந்த அடுக்கில் வைத்தாள். அந்த அடுக்கில் அதற்கு முன் இரண்டே தாள்கள் இருந்தன. வெளியே வந்து வரிசையில் நண்பனைத் தேடினேன். வயிறு சரியில்லை என்று அரை நாள் லீவு சொல்லிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மனைவியும் தையலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூட வந்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இரண்டு பக்கமும் மேல் பகுதியில் ரவை தூவியது போலப் புள்ளிகள். அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. என் கை மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"படி ஏறினா மூச்சு வாங்குறது எப்பலேருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

எதற்கும் தேதி வைத்திருப்பவன் நான். இதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை.

"போன பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடிலேருந்து சார்" என்றாள் அவள். "கரும்பு தூக்கிக்கினு வந்தாரு, அன்னிக்கி மொதல்ல நின்னாரு."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு, "உள்ள போன தூசி இனிமே வெளிய வராது. மேல மேல போகாம பாத்துக்கலாம். அந்த மெஷின் பக்கம் மறுபடி போகாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு படம் எடுக்கணும்" என்றார். மூத்தவரைப் போல ஆகிவிடுமா என்று கேட்கத் தோன்றியது. பெயர் சொல்லாமல், ஒருவர் உட்கார்ந்துகொண்டே தூங்கினார் என்று மட்டும் சொன்னேன். "அவர் இருந்த கட்டத்துக்கு நீங்க வரல" என்றார்.

மறுநாள் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு மேலாளர் அறை வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். அவர் படித்துவிட்டு, நிமிராமலே, "திங்கள்லேருந்து டெஸ்பாச்சுக்குப் போங்க" என்றார். லாரியில் ஏற்றும் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. தூசி இல்லை. வேலை போகவில்லை. ஆனால் காலையில் இருமல் வந்தால் இப்போதும் அசையாமல் படுத்துக்கொண்டு, அடுத்தது வருகிறதா என்று காத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை நண்பன் பெஞ்சுக்கு வந்தான். முகத்திலும் புருவத்திலும் கிரைண்டர் தூசி. டாக்டர் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னேன். ரவை போன்ற புள்ளிகளையும் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று காத்திருந்தேன். அவன் வண்டி வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. வண்டி போய்விட்டது.

"எனக்கும் ராத்திரில இழுக்குது நைனா" என்றான், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே. "அந்த டாக்டருகிட்ட என்ன எப்ப இட்டுக்கினு போற?"

"நாளைக்கு" என்றேன். "காலையில எட்டரைக்கு இங்கயே நில்லு."