அரண்மனைப் புரவியின் கழுத்து

பி.ஏ. வரலாறு முதலாண்டில் எனக்குக் கோபம் வராத வகுப்பே கிடையாது. தாளுக்குப் பெயர் நவீன இந்திய வரலாறு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கிச் சூடும் தூக்குக் கயிறும். பிரிவினைப் பாடம் வந்தபோது மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசித்துக்கொண்டே போனார். எங்கோ யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. அதை நம்பி, நேற்றுவரை உப்பும் புளியும் கைமாற்றிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் ஆட்கள் கத்தியோடு புகுந்தார்கள். ரயில்களில் பிணங்கள் வந்து இறங்கின. எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து கேட்டேன். "மேடம், அது பொய்யின்னு யாராச்சும் ஒருத்தர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா நின்னுருக்கும்ல?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நின்னிருக்கலாம்மா. ஒக்காரு, போர்ஷன் முடிக்கணும்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். திருமயம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, செத்துப்போன அத்தனை கொலைகாரர்களையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். விசாரிக்காமல் வெட்டிய முட்டாள்கள். உண்மை தெரிந்தால் எவன் கத்தியைத் தூக்குவான்? இதை நான் முழுசாக நம்பினேன்.

அந்த மாதமே எங்கள் ஊரில் புரவி எடுப்பு. சுட்ட மண்ணில் செய்த குதிரைகளை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிப்போய் அய்யனார் கோயிலில் நிறுத்துவோம். முதலில் போவது அரண்மனைப் புரவி. அது ராஜா காலத்துப் பெயர். ராஜா போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, புதுக்கோட்டை அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரில் அந்தக் குதிரையைத் தூக்குகிற தோளுக்குத்தான் மரியாதை. ஒரு வருடம் மேலத்தெரு, மறு வருடம் கீழத்தெரு. நாங்கள் மேலத்தெரு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கீழத்தெருவில். இரண்டு தெருவுக்குள்ளும் கொள்வினை கொடுப்பினை உண்டு, அதனால் சண்டையும் ரொம்ப உறைப்பாக இருக்கும்.

அந்த வருடம் கீழத்தெரு முறை. அக்காவின் கணவர், எங்கள் மச்சான், முன்தோள் கொடுப்பதாக ஏற்பாடு. போன வருடம் மழையில் எடுப்பு நின்றுபோனதால் மேலத்தெரு முறை இன்னும் தீரவில்லை என்று என் அண்ணன் முறுக்கிக்கொண்டு திரிந்தான். இதை வைத்தே டீக்கடையில் ஏற்கெனவே கைகலப்பாகிச் சட்டைகள் கிழிந்திருந்தன. எடுப்புக்கு முதல் நாள் அக்கா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேணா நடக்கட்டும்டா. ஒன் கை அவரு மேல படக்கூடாது. பட்டுச்சுன்னா எனக்கு இந்த வீடு கெடையாது."

அண்ணன் கையை உருவிக்கொண்டான். "மொதல்ல ஒன் புருசன அடக்கி வையி." அக்கா சாப்பிடாமலே திரும்பிப் போனாள்.

மறுநாள் மொட்டை மாடியில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மேளமும் வெடியுமாகத் தெருவே அதிர்ந்தது. அரண்மனைப் புரவி எங்கள் தெருமுக்கில் திரும்பியது. முன்னால் மச்சான், நெற்றித் திருநீறு வியர்வையில் வழிய. தாழ்வாகத் தொங்கிய கேபிள் ஒயர் குதிரையின் கழுத்தில் மாட்டியது. பின்னால் தூக்கியவர்கள் அதைப் பார்க்காமல் நெட்டினார்கள். கழுத்து ஒடிந்து, தலை தெருவில் விழுந்து தூள் தூளானது. மேளம் நின்றுவிட்டது.

"கல்லெறிஞ்சுட்டானுகடா மேலத்தெருக்காரனுக!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கல்லு இல்ல! ஒயரு! கேபிள் ஒயரு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் நிஜமாகவே கற்கள் பறந்தன. படிகளில் விழுந்தடித்து இறங்கினால் வாசலில் அண்ணன் நின்றான். போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதப் பாரு. நம்மாளுக யாரும் எறியல. இதக் காட்டினாப் போதும், நின்னுரும்."

அவன் பார்த்தான். கடைசிவரைக்கும் பார்த்தான். பிறகு போனைப் பிடுங்கித் தரையில் அடித்து, குதிகாலால் மிதித்தான்.

"எறிஞ்சோம்னே இருக்கட்டும். எறிஞ்சா என்னங்கிறேன்?"

தோரணத்துக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு அவன் ஓட, நான் பின்னால் ஓடினேன். செருப்புகளும் செங்கல்லும் உடைந்த ஓடுமாகக் கிடந்தது தெரு. ஒருவர் கிழிந்த காதைப் பொத்தியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அத்தனை அடிதடிக்கு நடுவிலும் மச்சானும் இன்னும் சிலரும் தலையில்லாத குதிரையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கோயில் சேரும்வரை புரவியைத் தரையில் வைக்கக்கூடாது என்பது வழக்கம். அவருடைய இரண்டு கைகளும் மூங்கிலில் இருந்தன. அண்ணன் கம்பால் அவர் முகத்தில் அடித்தான்.

மறுபடி ஓங்கிய கையை நான் பல்லால் கவ்வினேன். எலும்பு தட்டும்வரை கடித்தேன். ரத்தம் நாக்கில் கரித்தது. அவன் என் தலையைச் சுவரில் மோதினான், நான் விடவில்லை. கம்பு கீழே விழுந்தபோது மச்சானின் வலது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டுமே தெரிந்தது. குதிரை அவர் மேலேயே சரிந்தது. அந்த நேரத்தில் அந்த ஊரையே கொளுத்திவிட வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

பிறகு போலீஸ் வேன்கள் வந்தன. பொன்னமராவதியில் ஒரு கூட்டாளி வீட்டில் ஒளிந்திருந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கண் போனது போனதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா எங்கள் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. பிரிவினைக் கலவரங்களுக்கான காரணங்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். வீங்கிய நெற்றியோடு உட்கார்ந்து, வதந்தி என்று எழுதி அடிக்கோடிட்டேன். அப்போதும் என் கணக்கு மாறவில்லை. அண்ணன் ஒருவன்தான் தெரிந்தே அடித்தவன், கீழத்தெருக்காரர்கள் ஏமாந்தவர்கள். மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அண்ணனை வெறுத்தாலும் அக்காவை அம்மாவிடம் வரவிடுவார். தேர்வு முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மச்சான் பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எங்க தெருவுல யாரும் கல்லெறியலங்க. ஒயருதான் மாட்டுச்சு. நான் மாடியிலேருந்து பாத்தேன்."

"முன்தோள் நாந்தானே குடுத்தேன்" என்றார் அவர். "ஒயரு இழுத்தது எனக்குத் தெரியாதா?"

"அப்ப கல்லுன்னு கத்துனது யாருங்க?"

அவர் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். "நாந்தான். அரண்மனைப் புரவிய நாங்க தூக்கி ஒடச்சுப்புட்டோம்னு காலத்துக்கும் சொல்லுவாய்ங்கள்ல. அந்த நேரத்துல வாயில வந்துச்சு."

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தாள். எழுந்து நின்று, கட்டுப் போடாத கன்னத்தில் அவரை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஓடிவந்து, "அவங்களப் புடிம்மா, புடி" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பிடிக்கவில்லை.