வேலிக்கு வெளியே இருந்த கல்

கொல்லிமலைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டாலும் மிஷன் பங்களாவிலிருந்து எனக்குத்தான் ஆள் வரும். நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். மலையில் பிறந்து, கீழே போர்டிங்கில் தங்கி இங்கிலீஷ் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். வயது இருபத்திரண்டு. வழி காட்டுவதற்கு மலையில் ஆயிரம் கால்கள் இருந்தன. வாய் காட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் மழை விட்டதும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மிஷனின் புதிய தலைவர். கப்பலை விட்டு இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர். இன்னொருவர் அவருடைய சிநேகிதர், ஊர் ஊராகப் போய்ப் பழங்காலக் கற்களைத் தேடுகிறவர். மூன்றாவது அந்தச் சிநேகிதரின் மனைவி, கண்ணில் பட்டதையெல்லாம் படம் வரைகிற அம்மாள். ரோடு இல்லாத காலம். அடிவாரத்திலிருந்து டோலியில் வைத்துத்தான் மூவரையும் தூக்கி வந்தார்கள். போகிற வழியெல்லாம் டோலியை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பொறுக்கியதால், மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சிநேகிதருக்குக் 'கல் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள் டோலிக்காரர்கள்.

எங்கள் மலையிலேயே குடியிருந்த துரைக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் காய்ச்சல் கண்டு நீலகிரிக்குப் போயிருந்தார். அவர் மட்டும் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. பல வருடங்கள் அவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பழியைப் போட யாராவது வேண்டுமே.

தலைவர் கையில் டைப் அடித்த ஒரு பட்டியல் இருந்தது. மேல்பாதியில் மலையின் பழமைகள். கீழ்ப்பாதியில் ஆதிக் கிறிஸ்தவ இடங்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரோமாபுரியில் ஆதி என்றால் எத்தனையோ நூற்றாண்டு. எங்கள் மலையில் ஆதி என்றால் என் அப்பா ஞானஸ்நானத்துக்காக ஓடையில் முழுகி எழுந்த நாள். அந்த ஆதி நடந்து அப்போது பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் பிரசங்கம் நடந்த பலாமரம், முதல் ஜெபக்கூரையின் இடிந்த சுவர், ஓடைத்துறை, கல்லறைத் தோட்டம் என்று நான்கு இடங்கள். ஐந்தாவதாக 'முதல் விசுவாசி' என்று போட்டிருந்தது. அது என் அப்பா. பெற்ற அப்பனைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் படித்தவள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் மலையில் காட்டை உழும்போதும் கிழங்கு தோண்டும்போதும் மண்ணுக்குள்ளிருந்து ஒரு வகைக் கல் கிடைக்கும். கைக்குள் அடங்குகிற அளவு, வழுவழுவென்று இருக்கும், ஒரு முனை மட்டும் கோடாலி வாய்போலத் தீட்டியிருக்கும். எந்தக் காலத்து மனிதர் தீட்டியதோ, எங்களுக்கு அது சாமி. கிடைத்தவர் ஊட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மூன்று பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒன்றை மூடி வைத்த முழங்கால் உயரக் கோயில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எங்கள் வகையறாவின் கோயிலில் அப்படி ஒரு கூடைக் கல் இருந்தது. பார்த்துக்கொள்ளும் முறை அப்பாவுடையது.

அப்பா வேதத்துக்கு வந்தபோது மிஷன் கேட்ட அத்தாட்சி அதுதான். கூடையோடு சுமந்து வந்து பங்களா வாசலில் கொட்டினார். கொட்டுவதைப் போட்டோ பிடித்தார்கள். அப்புறம் அந்தக் கற்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் துரைசானி அம்மா ரோஜாப் பாத்தியைச் சுற்றி வரப்பாகப் பதித்துவிட்டார். ஊர் எங்களைத் தள்ளி வைத்தது. நெருப்புக் கிடையாது, ஊற்றில் தண்ணீர் கிடையாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான் என்று அப்பாவைச் சொன்னார்கள்.

அம்மாவை மட்டும் திரும்பி வரச் சொன்னார்கள். அவள் முழுகவில்லை, அதனால் அவளுக்கு வழி திறந்தே இருந்தது. அம்மா போகவில்லை. அப்பாவிடம் அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நீங்க போற எடத்துக்கு நானும் வாரேனுங்க. முழுகறதுக்கு மட்டும் கூப்பிடாதீங்க." கொட்டிய கூடையிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்துச் சாமைப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் மூன்று பேரும் அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். ஊர்ச் சுடுகாட்டில் இடம் தரமாட்டோம் என்றார்கள், எங்களோடு இருந்தவளாயிற்றே. மிஷன் கல்லறைத் தோட்டத்திலும் இடம் இல்லை, முழுகாதவளாயிற்றே. அங்கே வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றும், அப்பாவுக்குப் பின்னால் வந்த இரண்டு மூன்று பேரும் கிடந்தார்கள். சுற்றிலும் மூங்கில் வேலி. அந்த வேலிக்கு வெளியே, நாலு முழம் தள்ளி, அப்பா தன் கையாலேயே குழி வெட்டினார். பிறகு மூன்று பலகைக் கல்லை நிறுத்தி ஒன்றை மேலே மூடினார். அம்மாவின் கல்லை உள்ளே வைத்தார். முதல் விசுவாசி இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் சபையிலிருந்தும் நீக்கிவிடுவார்கள். அப்புறம் அவருக்கு ஊரும் இல்லை, சபையும் இல்லை. எட்டு மழையில் அதன்மேல் பாசி ஏறி, பெரணி மண்டி, ஆதிகாலத்திலிருந்தே அங்கே இருப்பதுபோல் ஆகிவிட்டது.

முதல் நாள் அரியூர் நாட்டுப் பக்கம் கூட்டிப்போனேன். கல் துரை பலகைக்கல் கோயில்களைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். உள்ளே கை விடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சொன்னதை நான் சொன்னேன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் பங்களாவுக்குத் திரும்பியபோதுதான் ரோஜாப் பாத்தியைப் பார்த்தார். மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கினார். எங்கள் வகையறாவின் சாமி பூராவும் இரண்டு பெட்டிக்குள் போயிற்று. தலைவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, உன் இங்கிலீஷ் பிரமாதம், உன்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்ப நானே எழுதுகிறேன் என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ரோஜாப் பாத்தியைப் பார்த்த வருத்தத்தால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது சந்தோஷம்.

மறுநாள் ஆதிக் கிறிஸ்தவ இடங்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பட்டியலில் தன் முறை வரட்டும் என்று காத்திருந்தார். பலாமரத்தடியில் அவரை நிறுத்தி அந்த அம்மாள் படம் வரைந்தாள். அசையாதே என்று என்னைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். இடிந்த சுவரில் கை வைத்தபடி நிற்கச் சொன்னாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முழுகிய நாளில் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார் தலைவர். அறுபது வயதுக்காரர் பனித் தண்ணீரில் இறங்கி, நின்று, நனைந்த வேட்டியோடு கரையேறினார். ஏதோ அவர்களுக்கு ஆகட்டும் கண்ணு என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். வெள்ளைக்காரக் குழந்தையின் கல்லுக்கு முன்னால் தலைவர் ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம், கல் துரை மூடவில்லை போலிருக்கிறது. ஆமென் சொல்லும் முன்பே வேலிப் படலைத் தாண்டி வெளியே போயிருந்தார். பெரணியை விலக்கினார். மூடிக்கல்லை ஒருபக்கமாக நகர்த்தினார். நான் ஓடிப் போவதற்குள் அம்மாவின் கல் அவர் உள்ளங்கையில் இருந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. ஆதி மனிதனின் கல்லறையும் ஆதிக் கிறிஸ்தவனின் கல்லறையும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள் என்று தலைவரிடம் சொன்னார். இதற்கு ஈராயிரம் வருடமாவது இருக்கும் என்றார். பிறகு என்னிடம், இதைப்பற்றி உன் அப்பாவுக்கு ஏதாவது தெரியுமா, கேட்டுச் சொல் என்றார்.

நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் பயப்பட்டதெல்லாம் அவருக்காக என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அவர் பயப்படவே இல்லை.

"அது உங்கம்மா கண்ணு. எட்டு வருசமாச்சுன்னு சொல்லு. உள்ளுக்க அந்தக் கல்ல வெச்சது நாந்தான்னும் சொல்லீரு. எடுத்த எடத்துலயே வெச்சரச் சொல்லு."

தலைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை அந்தப் பார்வைக்குள் இருந்தது. சபை நீக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது முதலில் என் நினைவுக்கு வந்தது என்று என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும். நான் இங்கிலீஷில் சொன்னேன்: அவருக்குத் தெரியாதாம், அவருடைய பாட்டன் காலத்துக்கும் முந்தியதாம்.

கல் துரை கைக்குட்டையில் கல்லைச் சுற்றினார். அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். அப்பா அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டோலிக்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அப்பா தமிழில் சொன்னது காதில் விழுந்திருந்தது, கல் எங்கே போயிற்று என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. "பெத்தவளத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறா பாரு" என்றான் ஒருவன், எனக்குக் கேட்கும்படியாகவே.

ஊட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "என்னன்னு சொன்ன கண்ணு?"

"நீங்க சொன்னதத்தானுங்க சொன்னேன்."

"அப்பறம் ஏன் எடுத்துட்டுப் போனாரு?"

அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் திரும்பவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மூடிக்கல்லை நகர்த்திச் சரியாக வைத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் கண்ணு என்று கூப்பிடப்படாத பிள்ளை கிடையாது, கன்றுக்குட்டியைக்கூடக் கண்ணு என்போம். அன்றிலிருந்து அப்பா என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. ஊரார் போலவே டீச்சர் என்றார். கோபமாகச் சொன்னால்கூடச் சண்டை போட்டுச் சமாதானமாகியிருக்கலாம். மரியாதையாகச் சொன்னார்.

சென்னைக்குப் போனேன், படித்தேன், திரும்பி வந்து பெரிய டீச்சர் ஆனேன். பழைய துரை நீலகிரியிலிருந்து அப்படியே தாய்நாட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தலைவரும் மாறிப்போனார். கல் எங்கே இருக்கிறதோ, ஏதோ ஒரு தேசத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அருகே ஒரு சீட்டில் ஈராயிரம் வருடம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பொய்க்குச் சாட்சி நான்.

ஐந்து வருடம் கழித்து அப்பா படுத்தார். மலைக்கு அப்போது புதிதாக ஒரு துரை வந்திருந்தார். தமிழில் எழுத்துக்கூட்டவே இன்னும் தொடங்கவில்லை. கடைசி நாளில் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, முதல் விசுவாசிக்குத் தோட்டத்தின் நடுவில், குழந்தையின் கல்லுக்குப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறோம் என்று சொல்லச் சொன்னார். அதை நான் சரியாகத்தான் சொன்னேன். பதிலுக்காக அப்பாவின் பக்கம் குனிந்தேன். அவர் கையை மெல்லத் தூக்கி என்னைத் தடுத்தார். தலையைத் திருப்பித் துரையை நேராகப் பார்த்தார்.

"அவுட்சைட்," என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, "மை வைஃப்."

துரைக்குப் புரிந்துவிட்டது. வேலிக்கு வெளியேயா, மனைவியின் பக்கத்திலா என்று என்னிடம் கேட்டார், தலையாட்டினேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்றார். அவ்வளவுதான். எந்தப் பயத்துக்காக நான் அம்மாவைக் கொடுத்தேனோ, அந்தப் பயம் ஒரு வார்த்தையில் தீர்ந்தது. மறுநாள் அப்பாவை நாலு முழம் வெளியே அம்மாவின் பக்கத்தில் வைத்தோம்.

இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத மனிதர் அதை எங்கே கற்றார் என்று எனக்கு விளங்கவில்லை. காரியம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மூன்றாம் வகுப்புப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். தாத்தா ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து, அந்த மூன்று வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியதாகச் சொன்னாள். என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"நானும் அதத்தானுங்க சொன்னேன். 'டீச்சர் மாத்திச் சொல்லீரும் சாமி, நீயே சொல்லிக்குடு'ன்னாருங்க."