ஆயுத பூஜைக்குப் பிறகு என் தையல் மெஷின்

என் கல்யாணச் சீரில் வந்த தையல் மெஷினுக்கு ஆறு வருஷம் ஒரே வேலைதான் இருந்தது. டிவியைச் சுமப்பது. தலையை உள்ளே மடக்கி, மேலே பூ போட்ட உறையை விரித்துவிட்டால் அது மெஷின் என்று யாருக்கும் தெரியாது. தைக்கத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஊத்தங்கரையில் நாலு மாசம் டைலரிங் கிளாஸ் போனவள் நான். அங்கே முதல் இரண்டு மாசம் ஊசியில் நூலே கோக்காமல் பழைய நாளிதழை மிதித்து ஓட்டப் பழக்கினார்கள். இன்றைக்கும் தலைப்புச் செய்தியின் ஓரமாகக் கோணாமல் தைக்கச் சொன்னால் தைப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில்தான் விழவேண்டும். அப்படி ஒரு வாசலில், தொழிற்பேட்டையின் கடைசி வரிசை ஷெட்டில், ஒரு போர்டு வைத்திருந்தார்கள். குளிர் தேசங்களுக்குக் கோட்டு தைத்து அனுப்பும் புதுக் கம்பெனி. தையல் தெரிந்த பெண்கள் தேவை, தைத்த உருப்படி ஒன்றுடன், கணவர் அல்லது தகப்பனாருடன் திங்கட்கிழமை வரவும் என்று எழுதியிருந்தது. உருப்படியும் கணவரும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

உருப்படியைத் தைத்துக்கொள்ளலாம். கணவரைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இன்ஜின் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவர் தொட்டால் நின்றுபோன எந்த மெஷினும் ஓடும் என்று ஷிப்ட் பஸ்ஸில் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

“ஆபரேட்டரா எடுத்தா போ. நூல் வெட்ற ஹெல்பர்னா வேணாம். மெயின்டனன்ஸ்காரன் பொண்டாட்டி நூல் பொறுக்கறான்னு பேசுவானுங்க” என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. பகல் முழுக்க இரண்டு அறைகளையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. என் பேர் எழுதின ஒரு வருகை அட்டையை என் கையால் ஒரு பெட்டியில் போட வேண்டும் என்று ஆசை. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று குடும்பக் கஷ்டம், பெண்ணின் படிப்பு என்று மரியாதையான காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துணி சந்தையில் கிடைத்தது. பெங்களூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சியதைக் குவித்துப்போட்டு, வெங்காயம் மாதிரி தராசில் நிறுத்து விற்பார்கள். கடைக்காரர் அதை ஃபிலீஸ் என்றார். எங்கள் காலனியில் பஞ்சுத்துணி. தைக்கத் தெரியாதவர்களின் மானத்தைக் காப்பாற்ற யாரோ புண்ணியவான் கண்டுபிடித்த துணி. வெட்டிய ஓரத்தில் ஓர் இழைகூடப் பிரியாது, மடித்து அடிக்கத் தேவையில்லை. மஃப்ளர் வேண்டுமா, நீளமாக வெட்டி, இரண்டு முனைகளிலும் கத்தரிக்கோலால் கீறி விட்டால் முடிந்தது. இதைவிட எளிய தையல் உலகத்திலேயே கிடையாது, ஏனென்றால் இதில் தையலே கிடையாது. டிவியை இறக்கி வைத்து மெஷினைத் திறந்தது குல்லாய்க்குத்தான், அதற்கும் ஒரே ஒரு தையல். துணியை இரண்டாக மடித்து ஓரத்தை அடித்து, உச்சியைக் கயிற்றால் கட்டினால் போதும். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு என் பெண் பள்ளிக்கூடம் போனாள். மறுநாளே எங்கள் வீட்டு வரிசையில் நாலு பிள்ளைகளுக்குக் குல்லாய் வேண்டியிருந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்தத் தலைக்கனத்தில்தான் கை இல்லாத கோட்டு ஒன்றைத் திங்கட்கிழமைக்கு முடிவு செய்தேன். முதுகுக்கு ஒரு துண்டு, முன்பக்கத்துக்கு இரண்டு. புதன்கிழமையே வெட்டிவிட்டேன். பஞ்சுத்துணியின் மயிருக்கு ஒரு திசை உண்டு, பூனை முதுகைப்போலத் தடவிப் பார்த்து எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வைத்து வெட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கத்தரிப்பூ நிறத் துணியில் வலது பக்கம் கத்தரிப்பூவாகவும் இடது பக்கம் கத்தரிக்காயாகவும் வந்தது. சாயங்கால வெளிச்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. ஓசூரில் அது தீபாவளிக்கு ஒரு படி மேல். கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் இனிப்பும், ஒரு டப்பா நிறைய மீந்த சந்தனமுமாக வீட்டுக்காரர் மதியம் வந்தார். வந்த வேகத்தில் சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ஸ்பானர் செட்டு, டிவி என்று எதையும் பொட்டு வைக்காமல் விடவில்லை. நான் நகர்ந்துகொண்டே இருந்ததால் தப்பித்தேன். தையல் மெஷினுக்கு மட்டும் தனி கவனிப்பு. வீட்டில் மெஷின் என்று மதிக்கத்தக்கது அவரைப் பொறுத்தவரை அது ஒன்றுதான். உருண்டையாக எது தெரிந்தாலும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கொழகொழவென்று அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

“நாளைக்கி வரைக்கும் ஓட்டாத. பொட்டையும் தொடைக்கக் கூடாது, தானா உதிரணும்” என்றார்.

வெள்ளிக்கிழமை விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தேன். மேலே தையல் ஒழுங்காகத்தான் தெரிந்தது. துணியைத் திருப்பினால் கீழே நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் வீட்டுக்காரர். ஆனால் கோளாறு என்ற வார்த்தை காதில் விழுந்தபின் அவரால் சும்மா இருக்க முடியாது. சனிக்கிழமை காலையில் மெஷினின் தலையைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார். கீழே வளையம் விழுந்தால் கோளாறும் கீழேதான் என்பது அவர் கணக்கு. கீழ்நூல் சுற்றிய பாபின், பாபின் கேஸ், அதைச் சுமக்கும் ஷட்டில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடவேண்டிய இடத்தில் பேரிங்குக்குப் போடும் கிரீஸை வைத்தார். ஊசியைக்கூடக் கழற்றித் துடைத்து மாட்டினார். சாயங்காலம் பூட்டி முடித்தபோது தையல் அறவே விழவில்லை. டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளிக்கு வெறும் ஜலதோஷம்தான்.

“ஊசிக்கும் ஷட்டிலுக்கும் டைமிங் வெச்சிருக்கேன். செட்டாக ஒரு நாள் ஆவும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்வையாளர்கள் வந்தார்கள். பாகலூரிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த அம்மா, “சூஜி சரி இல்லா கண்ரீ” என்று கன்னடத்தில் ஊசியைக் குற்றம் சொன்னார். எதிர் வீட்டு வேப்பனப்பள்ளிக்காரி, குல்லாய் தைத்ததைப் பார்த்து ஊர்க் கண்ணே பட்டுவிட்டது என்று தெலுங்கில் சொல்லி, மிளகாய் சுற்றிப் போட்டாள். மூன்று பாஷையில் வைத்தியம் நடந்தது. கோட்டு மூன்று துண்டாகவே கிடந்தது.

மதியம் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிப்டுக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். கோபம்தான். ஆறு வருஷத்தில் முதல்முறையாக எனக்கென்று ஒன்று கேட்டிருந்தேன், அது கிரீஸ் பூசித் தையல் விழாமல் நின்றது.

அழுகை தீர்ந்ததும் ஊசியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா சொன்னது சரிதான். ஊசித் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கிளாஸில் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். வீட்டுக்காரர் திருப்பி மாட்டியிருந்தார். மாற்றிப் போட்டேன், கிரீஸை வழித்தேன், குல்லாய்கள் உதிர்த்த பஞ்சு ஷட்டில் இடுக்கில் அடைந்திருந்ததைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் எடுத்தேன். தையல் விழுந்தது. கீழே வளையமும் கூடவே வந்தது.

துணியை அழுத்தும் காலை இறக்கிவிட்டு மேல்நூலைக் கையால் இழுத்தேன். இறுகி வரவேண்டிய நூல், கிணற்றுக் கயிறுபோல ஓடி வந்தது. அது வரும் வழியிலேயே விரலை ஓட்டிப் போனேன். டென்ஷன் என்று இரண்டு சின்னத் தட்டுகள் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும், நூலை நடுவில் பிடித்து இறுக்குவது அவைதான். அவை ஒட்டவில்லை. நடுவில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து சுண்ணாம்புபோல உட்கார்ந்திருந்தது. கீழே தெரிந்த நோய்க்கு வேர் மேலே இருந்தது.

துடைக்கக் கூடாது, சாமி கண்ணைக் குத்தும். கொஞ்சம் யோசித்தேன். திங்கட்கிழமை போனால் இந்த வேலை திரும்பி வராது, சாமி எப்படியும் அடுத்த வருஷம் வரும். துணி நாடாவை நனைத்துத் தட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன், மஞ்சள் வருவது நிற்கும்வரை. பிறகு தடித்த ஊசி போட்டு, தையலை நீளமாக வைத்து, துணியை இழுக்காமல் அது போகிற போக்கில் விட்டு ஓட்டினேன். விளக்கு வைப்பதற்குள் கோட்டு முடிந்தது.

திங்கள் காலை காப்பி குடித்தபடி அவர் கோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் சொல்லல? டைமிங் செட்டாயிடிச்சி.”

“ஆமாங்க” என்றேன்.

வழியில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரிடமும் டைமிங் கதையைச் சொன்னார். நான் கோட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் அம்மா, திருப்பூர்ப் பக்கத்துப் பேச்சு. கோட்டின் வெளிப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. உட்பக்கத்தைத் திருப்பி, தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

“துணி திசை மாத்தி வெட்டீட்டீங்க, அது பழகிக்கலாம். ஏனுங்க அம்மணி, வீட்ல மெஷின் மக்கர் பண்ணுனா யாரு பாக்கறது? இங்க அத்தனை மெஷினுக்கும் மெக்கானிக் ஒருத்தருதான். சின்னக் கோளாறுக்கே கையைக் கட்டீட்டு உக்காருறவங்களை ஹெல்பர்லதான் போடறோம்.”

கதவோரம் நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து நிமிர்ந்தார். கேள்வி தனக்கு என்றே நினைத்தார். 

“நான்தாங்க பாப்பேன்” என்றேன்.

“கடைசியா என்ன கோளாறு?”

“மேல்நூல் பிடிக்கலைங்க. டென்ஷன் தட்டுல சந்தனம் காஞ்சி இருந்திச்சி. சுத்தம் பண்ணிட்டேன்.”

“யாரு அதுல கொண்டுபோய்ச் சந்தனம் வெச்சது?”

நாற்காலிப் பக்கம் நான் திரும்பவில்லை. “பூஜையில யாரோ வெச்சிட்டாங்க.”

ஆபரேட்டர் என்று எழுதினார். வீட்டுக்காரர் வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப்பையில் செருகிக்கொண்டார், அந்தம்மாதான் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் நடந்திருப்போம்.

“யாரோ” என்றார்.

“பின்ன உங்க பேரைச் சொல்லச் சொல்றீங்களா?”

“எப்ப பாத்த?”

“நேத்து மத்தியானம்.”

“அப்ப காலையில நான் டைமிங்னு சொன்னப்ப ஆமான்னியே.”

“இல்லன்னு சொல்லியிருந்தா இன்னிக்கி நீங்க கையெழுத்துப் போட வந்திருப்பீங்களா?”

என் வீட்டுக்காரரிடம் குறைகள் நிறைய உண்டு. பொய் சொல்ல வராதது அதில் சேராது. ஒரு லாரி கடந்து போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

“வந்திருக்க மாட்டேன்” என்றார்.