ரிவர்ட் என்றால் திரும்புதல்

வைகுண்ட ஏகாதசியன்று காலையில் அச்சகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கணக்குப் பார்க்கும் அக்கா, மிஷின் ஓட்டும் அண்ணன், பெட்டி ஒட்டும் பெண்கள் இருவர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். முதலாளி பழைய மிஷின் ஒன்றை விலை பேச சிவகாசி போயிருந்தார். என்னோடு டிசைன் பார்க்கும் அவன் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில் இருந்தான். சொர்க்கவாசல் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் படுத்திருப்பார்கள், காபி ஆற்றவே ஆள் வேண்டும் என்று முதல் நாளே லீவு சொல்லிவிட்டான். ஊருக்கே விடுமுறைதான். பொங்கல் ஆர்டர் இருந்ததால் பாலக்கரையில் எங்கள் ஷட்டர் மட்டும் பாதி திறந்திருந்தது.

அவன் வராத நாட்கள் எனக்குப் பிடிக்கும். இதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். டிசைனைச் சரிபார்த்து அச்சு பிளேட் போட அனுப்புவது எங்கள் வேலை. வெளியூர் கம்பெனிகளுக்கு மெயில் எழுதுவதை முதலாளி தன் கையிலேயே வைத்திருந்தார். தை பிறந்ததும் அதை எங்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, ஆபீஸ் போன், சம்பளத்தில் மூவாயிரம் கூடுதல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். அந்த நாற்காலியை நான் எவ்வளவு விரும்பினேன் என்றால், அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் தடுப்புக்குள் போய் ஃபைல் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அவனுக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒரு கையில் போண்டாவைப் பிய்த்துக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்து பெங்களூர்க்காரர்களிடம் பேசுவான். நடுவில் சிரிப்பான். இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஒருவரால் சிரிக்க முடியும் என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. எனக்கு ஒரு வாக்கியம் முடிவதற்குள் நாக்கு வறண்டுவிடும். அவன் டிக்ஷனரியைத் தொட்டதே இல்லை. நான் தெப்பக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய டிக்ஷனரியில் தினம் ஒரு பக்கம் படித்துவிட்டுத்தான் உறையூர் பஸ் ஏறுவேன். மிஷின் அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'தொரை'.

சேர்ந்த மூன்றாம் நாளே அவன் என்னை 'டா' போட்டுக் கூப்பிட ஆரம்பித்தான். நான் கடைசிவரை 'ங்க' தான். அது மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் அவன் செய்யும் இங்கிலீஷ் தப்புகளை எழுதி வைத்திருந்தேன். முதலாளி அவனை எப்போதாவது ஒரு மெயில் எழுதச் சொல்வார். ஒவ்வொன்றையும் 'வில் ரிவர்ட் ஷார்ட்லி' என்றுதான் முடிப்பான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். டிக்ஷனரியில் அதற்குக் கீழே அடிக்கோடே போட்டிருந்தேன். 'சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறேன்' என்று ஒருவன் கஸ்டமருக்கு எழுதுகிறான், அவனைப் போய் இங்கிலீஷ் தெரிந்தவன் என்கிறார்கள்!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லியேவிட்டேன்.

"ரிவர்ட்னா பழையபடி ஆகுறதுங்க. பதில் சொல்றேங்கிறதுக்கு ரிப்ளை."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட, எல்லாரும் அப்படித்தாண்டா எழுதறா. ரிவர்ட்னா ரிப்ளைதான். நீ டிக்ஷனரிய மூடிட்டு நாலு மெயில் படி."

"மெயில் இவருகிட்ட குடுத்தாத்தானப்பா படிப்பாரு தொரை" என்றார் மிஷின் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். அன்று மாலை அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்.

ஏகாதசியன்று காலை பத்தரைக்கு மெயில் வந்தது. பெங்களூரில் சிறுதானிய பிஸ்கட் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பத்தாயிரம் பெட்டி அடிக்க வேண்டும். பழைய டிசைன் போன மாதமே அவர்கள் கையெழுத்தோடு ஓகே ஆகியிருந்தது. இப்போது புதிதாக ஒரு ஃபைல் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: புது ஃபைலில் சில மாற்றங்கள் உள்ளன, 'கைண்ட்லி செக் அண்ட் ரிவர்ட்.'

முதலாளி சிவகாசியிலிருந்து போன் செய்து பாஸ்வேர்டைச் சொன்னார். "பாத்து முடிச்சு விட்டுருப்பா. மத்தியானம் பிளேட் வந்தாத்தான் நாளைக்கு லாரி." அவ்வளவுதான். முதல்முறையாகக் கண்ணாடித் தடுப்புக்குள் நான் காரணத்தோடு உட்கார்ந்தேன்.

இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பெரிய வித்தியாசம். பழையதில் ஆறு மாதத்துக்குள் சாப்பிடலாம் என்றிருந்தது. புதியதில் நான்கு மாதம். செக் செய்தாயிற்று. இனி ரிவர்ட். மாற்றங்கள் தெரியாமல் நுழைந்துவிட்டன, பார்த்துப் பழையபடி ஆக்கிவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. பெரிய கம்பெனி. டிக்ஷனரிப்படி எழுதியிருக்கிறார்கள். அவனைப்போலவா எழுதுவார்கள்?

அவன் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. 'எல்லாரும் அப்படித்தாண்டா எழுதறா' என்ற அந்தக் குரலோடுதான் வந்தது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஒரே யோசனையா இருக்கீங்க?"

"பழைய ஃபைலையே போடச் சொல்றாங்கக்கா."

"அப்ப எதுக்குப் புதுசு அனுப்புனாங்க? எதுக்கும் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு போனைப் போட்டு அவர்கிட்ட கேட்டுருங்களேன்."

போன் என் கையில்தான் இருந்தது. "வேணாங்கக்கா. வீட்ல அத்தனை பேர் வந்திருப்பாங்க. இதுக்குப் போயி அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவன் மேல் எனக்கு இருந்த அக்கறையைப் பார்த்து அக்கா தலையை ஆட்டினார்.

பழைய ஃபைலைப் பிளேட்டுக்கு அனுப்பினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாழ்க்கையின் முதல் ஆபீஸ் மெயிலை எழுதினேன்: 'செக்ட் அண்ட் ரிவர்ட்டட்.' இரண்டே நிமிடத்தில் 'தேங்க்ஸ், ப்ளீஸ் ப்ரொசீட்' என்று பதில் வந்தது. சரிபார்த்துப் பதில் சொல்லிவிட்டேன் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். பழையபடி ஆக்கிவிட்டேன் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அந்த ஒரே சொல்லில் இரண்டு பக்கமும் நிம்மதியாகிவிட்டது.

"என்ன தொரை, ஓட்டலாமா?" என்று மிஷின் அண்ணன் கேட்டார்.

"ஓட்டுங்கண்ணே" என்றேன். அன்று பிஸ்கட் நிறத்தில் அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்தபடி, தை மாதத்தில் அவன் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது. நான்கு மாதம் தாங்கும் பிஸ்கட்டை ஆறு மாதப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. மேலே ஸ்டிக்கர் ஒட்டவும் அவர்கள் ஒப்பவில்லை. பத்தாயிரமும் குப்பை.

முதலாளி மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா எழுதிருக்க? ரிவர்ட்டட்னா என்ன?"

அவன் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தான். மெயிலைப் படித்தான். என்னை ஒருமுறை பார்த்தான். ரிவர்ட் பற்றி முன்பு பேசிய பேச்சு அவனுக்கும் நினைவிருந்தது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"சார், டிக்ஷனரிப்படி இவன் செஞ்சதுதான் கரெக்ட்" என்றான். "ரிவர்ட்னா பழையபடி ஆக்கறதுதான். நாங்கள்லாம்தான் தப்பா எழுதிப் பழகிட்டோம். அவாளும் தெளிவா எழுதல. நான் பேசிப் பாக்கறேன் சார், இவன் சம்பளத்துல கைவெக்காதீங்கோ."

இங்கிலீஷ் மாதிரியே இதுவும் அவனுக்குப் பாடுபடாமல் வந்தது. அவனை அதுவரை அவ்வளவு வெறுத்ததில்லை.

அவன் போனில் பேசினான். நடுவில் சிரிக்கவும் செய்தான். பிறகு நான்கு வரியில் ஒரு மெயில். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. திரும்ப அடிக்கும் அட்டையின் விலையில் பாதியைத் தர அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மெயிலை அனுப்பிவிட்டு வெளியே வந்தவன் என் தோளில் தட்டினான். "விடுறா. போன் பண்ணிருக்கலாம்ல நீ?"

"உங்க வீட்ல விசேஷமாச்சேங்க" என்றேன்.

"போடா லூசு" என்று சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்த புளியோதரையில் பாதியை என் தட்டில் வைத்தான்.

தை முதல் வாரத்தில் அவன் கண்ணாடித் தடுப்புக்குள் போனான். முதலாளி என்னைத் திட்டவில்லை. என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை நான் இன்னும் கிழிக்கவில்லை. அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே ஒரு எண்ணை மட்டும் சேர்த்திருக்கிறேன். அட்டை, பிளேட், மை, ஒட்டுக்கூலி, பெங்களூருக்கு இரண்டாம் தடவை லாரி வாடகை எல்லாம் கூட்டி, அவர்கள் தந்ததைக் கழித்து, அக்கா வாய்விட்டுப் படித்த எண் அது. முப்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.